தை மாதத்துக் கெண்டை: பிடிப்பதும், சேற்று மணம் போகச் சமைப்பதும்

குளிர்காலத்தில் கெண்டை பிடிப்பது எப்படி என்று யூடியூப்பில் கிடப்பதில் முக்கால்வாசி இங்கிலாந்துக்காரருக்குச் சொன்னது. அங்கே குளத்துத் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் கெண்டை கிட்டத்தட்ட வாயை மூடிவிடும், ஆழத்தில் அசையாமல் கிடக்கும், அதனால்தான் அவர்கள் ஒற்றைச் சோளமணியைத் தூண்டிலில் கோர்த்துவிட்டு நாள் முழுக்கக் கதிரையில் குந்தியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தாரான நமக்கு மார்கழிக் கூதலில் விடியப்புறம் போர்வை தேவைப்பட்டாலும் வன்னிக் குளத்துத் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போவது அரிது, அந்தச் சூட்டில் கெண்டை நன்றாகவே மேயும். இங்கே கரைச்சல் தருவது குளிர் இல்லை, மழைத் தண்ணீர்தான்.

குடாநாட்டுக்குள் கெண்டை தேடி அலைய வேண்டாம். ஆறு என்று நமக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்று, அதுவும் மழைக்கு மட்டும் ஓடும். ஊர்க் குளங்கள் பெரும்பாலும் சோளகம் தொடங்க வற்றிவிடும். ஆகவே ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி வன்னிக்குள், கிளிநொச்சிப் பக்கம் போக வேண்டும்: இரணைமடு, அக்கராயன், இன்னும் உள்ளே போனால் வவுனிக்குளம், முத்தையன்கட்டு. கார்த்திகை மார்கழியில் போய்ப் பிரயோசனம் குறைவு. குளம் நிரம்பி மீன் நாலா பக்கமும் பரவிவிடும், தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடக்கும். குளத்து மிச்சத் தண்ணீர் வழிகிற வான் பாயும் இடத்தில் ஆக்கள் குவிவது தெரியும், நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். வான்கதவை எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று மீன்பிடிக்கப் போனவருக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை, 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரியான காலம் தைப்பொங்கல் முடிந்து மாசி நடுப்பகுதி வரை. மழை ஓயும், கலங்கல் அடங்கும், கரையோரப் புல் இன்னும் தண்ணீருக்குள் நிற்கும், அந்தப் புல்லுக்குள் புழுவும் விதையும் தேடிக் கெண்டை வரும். வீட்டுப் பக்கத்தாலும் இதுதான் வசதி. திருவெம்பாவை நாளில் மீனோடு வந்து நின்றால் அம்மா படலையிலேயே மறித்துவிடுவார். அதோடு வாடைக்காற்றில் வடமராட்சிக் கடல் கொந்தளித்து, விளைமீனும் பாரையும் கைவைக்க முடியாத விலைக்குப் போகிற காலமும் இதுவே.

போனதும் முதல் வேலை அந்தக் குளத்து நன்னீர் மீனவர் சங்கத்து ஆக்களைக் கண்டு கேட்பது. ரோகு, கட்லா, மிரிகால் என்ற கெண்டைகள் எல்லாம் ஓடும் ஆற்றில் முட்டையிடுகிற சாதி, குளத்தில் தானாகப் பெருகுவது அரிது. குஞ்சு கொண்டுவந்து விட்டுத்தான் வளர்க்கிறார்கள், அது அவர்களுடைய பிழைப்பு. கேட்டால் இடமும் காட்டுவார்கள், போகக்கூடாத கரையும் சொல்வார்கள். கைநீளத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விடுங்கள்.

எந்தக் கெண்டை என்பதைப் பொறுத்துத் தூண்டிலின் ஆழம் மாறும். மீசை வைத்த சாதாரணக் கெண்டையும் மிரிகாலும் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். ரோகு நடுத் தண்ணீரில் நிற்கும். கட்லாவுக்கு வாய் மேலே பார்த்திருக்கும், மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரை வடித்துத் தின்கிற மீன், அதைத் தூண்டிலில் பிடிப்பது பொறுமைசாலிகளின் வேலை. நான் சொல்லப்போவது அடியில் மேய்கிறவற்றுக்கு.

சாமான் பெரிதாகத் தேவையில்லை. ஆறேழு அடித் தடியும் சாதாரண றீலும், 10 முதல் 15 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்), 6 அல்லது 8ஆம் நம்பர்த் தூண்டில். நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தங்கூசியில் ஓட விட்டு, தூண்டிலுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயத்தைக் கடித்து மறியுங்கள். பெரிய ஈயம் நிலத்தில் கிடக்க, மீன் இழுக்கும்போது தங்கூசி மட்டும் ஓடும், பாரம் தெரியாததால் இரையைத் துப்பாது. கடற்கரையில் பாவிக்கிற முரட்டுச் சாமானைக் கொண்டுபோக வேண்டாம், இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்புகிற பழக்கம் கெண்டைக்கு.

இரைக்கு முதல் தெரிவு மண்புழு, மழை ஓய்ந்த கையோடு வாழையடியில் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் புழுவை யப்பான் மீன் (திலாப்பியா) விடாது, கடித்துக் கடித்தே தீர்த்துவிடும். அது தொல்லை கொடுத்தால் சோளத்துக்கு மாறுங்கள். காய்ந்த சோளத்தை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நகம் இறங்குமளவுக்கு அவிக்க வேண்டும், ஒரு தூண்டிலுக்கு இரண்டு சோளமணி போதும். பாணைப் பிசைந்து கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்குச் சேர்த்த உருண்டையும் நல்லது, ஆனால் வீசும்போது கழன்று போகும்.

இதைவிட முக்கியம் முன்னிரை போடுவது. குளம் நிரம்பியிருக்கிற காலத்தில் மீனைத் தேடிப் போக முடியாது, அதைக் கூப்பிட வேண்டும். தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்து, கரைச் சேற்றையும் பிசைந்து கைப்பிடி உருண்டைகளாக ஐந்தாறு, எல்லாம் ஒரே இடத்தில் விழும்படி எறியுங்கள். கெண்டைக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகிறது, அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஓயாமல் தின்னும். அரை மணிக்கு ஒருக்கா ஒரு உருண்டை போட்டுக்கொண்டே இருங்கள், ஒரேயடியாக வாளியைக் கவிழ்த்தால் அது உங்கள் தூண்டிலைத் தொட மாட்டாது.

விடியற்காலையில் போய் நடுங்கிக்கொண்டு நிற்பது வீண் என்பது என் அபிப்பிராயம். பனி விலகி வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் சூடேறுகிற பத்து மணிக்குப் பிறகுதான் இந்தக் காலத்தில் கெண்டை கரைக்கு வரும், மூன்று நான்கு மணி வரை நிற்கும். காற்று லேசாக இருந்தால் அலை வந்து மோதுகிற கரையில் இருங்கள், மிதக்கிற தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். தடி நுனி வெடுக் வெடுக்கென்று ஆடினால் யப்பான். தங்கூசி மெதுவாக இறுகி நேராக ஓடத் தொடங்கினால் கெண்டை, அப்போது தடியை உயர்த்துங்கள், வெட்டி இழுக்க வேண்டாம். றீலின் பிரேக்கைத் தளர்த்தி அதை ஓடவிட்டுக் களைக்க வைத்து, அத்தாங்கு வைத்துத் தூக்குங்கள்.

தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. கரையில் மீன் வெட்டிக் குடலை எறிகிற வேலையும் வேண்டாம். மிதிவெடிப் பலகை கண்ட பக்கம் கால் வைக்காதீர்கள், காட்டோரம் என்றால் பொழுதுபட முதல் கிளம்புங்கள், யானை வரும்.

இனி வாய்க்கு வருவோம். கடல்மீன் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தார் குளத்து மீனுக்கு முகம் சுளிப்பது அந்தச் சேற்று மணத்தால். அது சேறு இல்லை, நீலப்பச்சைப் பாசியும் ஒருவகை பக்றீரியாவும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள், தோலுக்கடியிலும் வயிற்றுக் கொழுப்பிலும் தங்கும். போலந்து, செக் நாட்டுக்காரர் நத்தார் இரவுக்குக் கெண்டையை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் சில நாள் விட்டு வைக்கிற வழக்கம் உண்டு, சுத்தத் தண்ணீரில் கிடந்தால் மணம் குறையும். வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் செய்யலாம், ஆனால் கிளிநொச்சியிலிருந்து உயிரோடு கொண்டுவருவது லேசான காரியமில்லை. ஆகவே பிடித்தவுடன் தலையில் ஒரு அடி, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மூடுங்கள். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையானது ருசி, அதற்கு மேல் கொழுப்பும் மணமும் கூடும்.

வெட்டும்போது பித்தப்பையில் கத்தி படக்கூடாது. கசப்பு ஒருபுறம், கெண்டையின் பித்தம் நஞ்சு, அதை மருந்தென்று விழுங்கிச் சிறுநீரகம் பழுதானவர்கள் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வையும், நடுப்பக்கத்தால் ஓடும் சிவப்புத் தசையையும் வழித்தெடுங்கள். உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி அரை மணி வைத்துக் கழுவுங்கள், புளிப்பு ஜியோஸ்மினை உடைக்கும்.

முள்தான் அடுத்த பிரச்சினை, தசைக்குள்ளே கவர் கவராகக் கிடக்கும். பொரிக்கப் போகிறீர்கள் என்றால் தோலிலிருந்து உள்ளே, நெல்மணி இடைவெளியில் நெருக்கமாகக் கீறிவிட்டு நன்றாக எண்ணெயில் மூழ்கப் பொரியுங்கள், சின்ன முள் முறுகிவிடும். பிள்ளைகளுக்கு வால்பக்கத் துண்டு வேண்டாம், அங்கே முள் கூட. குழம்புக்கு வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, கடல்மீனுக்கு விடுவதைவிட ஒன்றரை மடங்கு புளி கரைத்து விட்டு, நம்முடைய கறித்தூள் பச்சை மணம் போகக் கொதித்த பிறகே மீனைப் போடுங்கள். பால் கொஞ்சம்தான், கொழுப்பு மீனுக்கு அது கூடினால் திகட்டும். இறக்கும்போது உள்ளியும் பெருஞ்சீரகமும் தட்டிப் போடுங்கள். சினை கிடைத்தால் குழம்பில் கரைய விடாமல், மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டித் தனியாகப் பொரியுங்கள், நெருப்பு மிதமாக இருக்கட்டும், சட்டியை மூடிவைக்க மறக்க வேண்டாம், சினை வெடித்தால் எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும்.