முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையா? ரத்தக்குழாயையும் கவனியுங்கள்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் வீட்டில் எழும் கேள்விகள் மூன்றுதான்: எந்த மூட்டு நல்லது, எவ்வளவு செலவாகும், எப்போது நடக்கலாம். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனி முழங்காலுக்குப் பின்னால், எலும்பை ஒட்டித்தான் இறங்குகிறது. அறுவை சிகிச்சையின்போது தொடையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்திவைப்பதும் உண்டு. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து இறுகிய தமனி இதைத் தாங்குமா என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும்.

எல்லா வலியையும் மூட்டின் தலையில் கட்டுவது முதல் தவறு. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது தமனி அடைப்பாக இருக்கலாம். புகை பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது, விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குத் தமனி இறுகியிருப்பதால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பதே சரி.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நிறுத்துவது ஆபத்து. எதை, எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை நிபுணரும் பேசி முடிவு செய்யட்டும்.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியோ மாத்திரையோ குறைந்தது 10 முதல் 14 நாட்கள், சிலருக்கு 35 நாட்கள் வரைகூடத் தேவைப்படும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நான்காம் நாளே விட்டுவிடுபவர்கள் உண்டு. வலிக்குப் பயந்து படுத்தே கிடப்பது இன்னொரு தவறு. படுக்கையிலும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். அழுத்தக் காலுறையைக் கடையில் நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். தமனி அடைப்பு உள்ள காலுக்கு அது கேடு.

எண்ணெய் தேய்ப்பதில் நமக்கு இருக்கும் நம்பிக்கைக்கு அளவே இல்லை. அறுவைக்குப் பின் கால் ஓரளவு வீங்குவது இயல்பு. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாகி, அழுத்தினால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். அன்றே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மூட்டு மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.