நீண்ட வீட்டுக்கு எட்டு சேனல் ஒலி: ராஸ்பெர்ரி பை கொண்டு அமைக்கும் முறை

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் ஒலிக்கும் தேவாரம் அடுப்படியில் வேலையாக இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று முகப்பிலேயே ஒலியைக் கூட்டினால், வளவில் (முற்றத்தைச் சுற்றிய உட்கூடத்தில்) அமர்ந்திருக்கும் பெரியவர்களால் தாங்க முடிவதில்லை. கானாடுகாத்தான் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில், பிள்ளையார் நோன்புக்கு உறவினர் அனைவரும் கூடும் நாளை மனத்தில் கொண்டு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி ஆகிய நான்கு இடங்களுக்கும் ராஸ்பெர்ரி பை என்னும் ஒரே சிறு கணினியிலிருந்து, இடத்துக்கு இடது, வலது என இரண்டாக மொத்தம் எட்டு சேனல்களில் தனித்தனியே ஒலி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தேன். அதன் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு இடம் என்றால் நான்கு மலிவான யுஎஸ்பி ஸ்டீரியோ அட்டைகள் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒவ்வோர் அட்டைக்குள்ளும் தனித்தனிப் படிகக் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி செகண்டு விலகிவிடும். பாட்டு தொடங்கும்போது சேர்ந்திருந்த ஒலி, பூசை முடிவதற்குள் கட்டுக்குக் கட்டு எதிரொலியாக மாறிவிட்டது. ஆகவே எட்டு சேனல்களும் ஒரே கடிகாரத்தில் இயங்கும் ஒரே அட்டையை வாங்குங்கள்; இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். '7.1' (ஏழும் ஒன்றும், ஆக எட்டு சேனல்) என்று விற்கப்படும் யுஎஸ்பி அட்டை பை 4-க்கும் பை 5-க்கும் பொருந்தும். பை 5 வைத்திருப்பவர்கள் அதன் ஜிபிஐஓ முனைகளில் (துணைப் பலகைகளைச் செருகும் ஊசி வரிசையில்) பொருத்தும் எட்டு சேனல் ஹைஃபைபெர்ரி டாக்8எக்ஸ் பலகையையும் எண்ணிப் பார்க்கலாம். அந்த முனைகளில் ஒலி செல்லும் ஐ2எஸ் வழியில் பை 4-இலிருந்து இரண்டு சேனல்களே வெளிவரும் என்பதால் அந்தப் பலகை அதற்கு உதவாது.

திரையில்லாத 'லைட்' பதிப்பு ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இயங்குதளம் இதற்குப் போதுமானது. இடையில் வேறு ஒலிச் சேவை நின்று சேனல்களைத் தன் விருப்பப்படி கலக்காமல் இருப்பது அதன் நன்மை. அட்டையைச் செருகியபின் 'ஏபிளே' கட்டளையைச் சிறிய 'எல்' தெரிவுடன் கொடுத்தால் அட்டைகளின் பட்டியல் வரும். பின்னால் சொல்லும் கமில்லாடிஎஸ்பி மென்பொருளின் அமைப்புக் கோப்பில், அதில் காணும் எண்ணை எழுத வேண்டாம். கணினி மறுபடி தொடங்கும்போது எண் மாறக்கூடும், அட்டையின் பெயர் மாறாது.

அடுத்து 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையை எட்டு சேனல்களுடன் இயக்குங்கள். வழக்கமான வண்ண முறைப்படி பச்சைத் துளை முன்பக்கத்துக்கும், கறுப்பு பின்பக்கத்துக்கும், ஆரஞ்சு நடுவுக்கும் தாழ்சுருதிக்கும், சாம்பல் நிறம் பக்கவாட்டுக்கும் உரியவை. ஆனால் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் வரிசையில் பின்பக்க இணை இரண்டாவதாக வரும். யுஎஸ்பி வரையறையிலோ நடு, தாழ்சுருதி இணை அந்த இடத்தில் நிற்கும். எனவே பெயரை நம்பாமல், எந்த எண்ணுக்கு எந்தத் துளை ஒலிக்கிறது என்பதைக் காதால் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியளவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர்கள் அனைத்தும் கணினிக்கு அருகிலேயே, ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் பெறுமாறு இருக்கட்டும். வெவ்வேறு கட்டுகளின் இணைப்புகளிலிருந்து எடுத்தால் எர்த் வேறுபாட்டால் இரைச்சல் புகும். நீண்ட தூரம் செல்ல வேண்டியது ஸ்பீக்கர் கம்பிதான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 மீட்டர் தூரத்துக்குப் போக வர ஏறத்தாழ 0.6 ஓம் தடையே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. பர்மா தேக்குத் தூண்களில் ஆணி அடிக்காமல், கம்பியை உத்திரத்தின் மேலாகவே கொண்டுசெல்லுங்கள்.

இனிதான் வீட்டின் நீளம் கேட்கும் வேலை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ 0.87 மில்லி செகண்டு ஆகிறது. மின்சாரத்துக்கோ நேரமே ஆவதில்லை. நான்கு இடத்திலும் ஒரே கணத்தில் ஒலித்தால், இரண்டாங்கட்டில் நிற்பவருக்கு அங்குள்ள ஸ்பீக்கர் முதலிலும், முகப்பின் ஒலி பிந்தியும் கேட்கும். இந்த இடைவெளி 50 மில்லி செகண்டைத் தாண்டினால் சொற்கள் குழம்பும். ஆத்தங்குடித் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் அந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆகவே முகப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப்பால் அளந்து, அதற்கு ஏற்ற தாமதத்தைக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வளவு 50 அடி, இரண்டாங்கட்டு 105 அடி, அடுப்படி 160 அடி. தாமதங்கள் முறையே 44, 91, 139 மில்லி செகண்டு.

இதற்குக் 'கமில்லாடிஎஸ்பி' என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். பாட்டு இயக்கும் நிரல் தன் ஒலியை ஆல்சாவின் 'லூப்பேக்' அட்டைக்கு (மென்பொருளாலான போலி ஒலி அட்டைக்கு) அனுப்பும். கமில்லாடிஎஸ்பி அதை வாங்கி, இரண்டு சேனலை எட்டாகப் பெருக்கி, இணைக்கு இணை தாமதமும் ஒலியளவும் சேர்த்து உண்மையான அட்டைக்குக் கொடுக்கும். லூப்பேக்கின் வேகம் அட்டையின் கடிகாரத்தோடு ஒத்துப்போக, வேகச் சரிப்படுத்தல் தெரிவை இயக்க மறக்காதீர்கள். இல்லையேல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒலி அறுபடும்.

தாமதம் ஒரு திசைக்கே உதவும். அடுப்படியின் ஒலி முகப்புக்குத் திரும்பி வந்தால் இரட்டிப்பாகப் பிந்தியிருக்கும். எனவே பின்னுள்ள ஸ்பீக்கர்களை வீட்டின் பின்பக்கம் நோக்கித் திருப்பி, ஒலியளவைக் குறைத்து வையுங்கள். பிறகு கைதட்டும் ஓசையைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு, கட்டுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு நிலைவாசலிலும் நின்று கேளுங்கள். இரண்டு தட்டலாகக் கேட்குமிடத்தில் தாமதத்தை ஐந்து ஐந்து மில்லி செகண்டாக மாற்றி, ஒரே தட்டலாகும்வரை சரிசெய்யுங்கள்.

எல்லாம் நிலைத்தபின், கமில்லாடிஎஸ்பியைக் கணினி தொடங்கும்போதே இயங்கும் சேவையாகப் பதிந்து, 'ராஸ்பி-கான்ஃபிக்' என்னும் அமைப்புப் பட்டியலில் உள்ள ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கிவிடுங்கள். அதன்பின் எஸ்டி அட்டையில் எதுவும் எழுதப்படாது. பூசை நடுவே மின்வெட்டு வந்தாலும், மின்சாரம் திரும்பியதும் நான்கு கட்டும் அதே அளவில் மீண்டும் ஒலிக்கத் தயாராக இருக்கும்.