நாற்பது டாலர் கட்டுவதற்கு முன்னால்

கல்லூரி நூலகத்தில் என் மேசைக்கு அடிக்கடி வரும் காட்சி இது. முதுகலை மாணவி ஒருவர் கைப்பேசியை நீட்டுகிறார். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பக்கம். கட்டுரையைப் படிக்க 40 டாலர் கேட்கிறது. “அப்பாகிட்ட கார்டு நம்பர் வாங்கிட்டேன் சார், கட்டிடவா?”

இருங்கள். நிதி கொடுத்தது யார் என்று பார்க்காமல் காசு கட்டுவதுதான் முதல் தவறு. அந்தக் கட்டுரையின் சுருக்கத்துக்குக் கீழேயே அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) நிதி தந்ததாக இருந்தது. தன் நிதியில் வரும் கட்டுரையை இலவசமாகப் படிக்க வைக்க வேண்டும் என்பது அதன் விதி. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் இணையதளத்தில் தலைப்பைப் போட்டோம், முழுக் கட்டுரையும் இலவசமாக வந்தது. 2000 முதல் இதை நடத்துவது அங்குள்ள தேசிய மருத்துவ நூலகம்.

வந்ததைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். இதழின் அழகான இரண்டு பத்தி அச்சு இல்லை. பக்க ஓரத்தில் ‘ஆசிரியர் கைப்பிரதி’ என்று ஆங்கிலத்தில் நெடுக ஒரு பட்டை. போலி என்று நினைத்து இதைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. மதிப்பீட்டாளர்கள் படித்து, திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட பிரதிதான் அது. மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

‘ஒரு வருஷம் கழித்துத்தான் இலவசம்’ என்பதும் பழைய கணக்கு. 2008 முதல் என்ஐஎச் விதி 12 மாதம் வரை தள்ளிப்போட இடம் கொடுத்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

நம் ஊருக்கு வருவோம். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது: மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இனி எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெயரிலேயே சந்தா இருக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் அது. வீட்டிலிருந்து தேடும் பொதுவாசகருக்குத் திறக்காது. கூத்து என்னவென்றால், அரசுக் கல்லூரியிலேயே படித்துக்கொண்டு இது தெரியாமல் காசு கட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தமிழில் ஆய்வு செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஷோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் முனைவர் பட்ட ஆய்வேட்டுக் களஞ்சியம். ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009-லேயே விதி கொண்டுவந்தது. ஆனால் தமிழில் ஒருமுறை தட்டிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுந்து போகிறார்கள். தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தால் தமிழில் எப்படிச் சிக்கும்? சிலப்பதிகாரத்தை எஸ் போட்டுத் தொடங்குபவர் உண்டு, சி போட்டுத் தொடங்குபவர் உண்டு. ‘த’வுக்கு ஒருவர் டி, இன்னொருவர் டிஎச். நாலு விதமாகவும் தேட வேண்டும். நெறியாளர் பெயரில் தேடுவது இன்னும் நல்ல வழி. ஒருவர் கிடைத்தால் அவரிடம் ஆய்வு செய்த மற்றவர்களின் ஏடுகளும் வரிசையாக வரும். ஏடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முடிவுரை இருக்கும், 80 என்று தொடங்கும் கடைசிக் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு ‘படித்துவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள்.

எழுதுபவர்களுக்கும் ஒன்று. அரசுப் பணத்தில் ஆய்வு செய்துவிட்டு, பதிப்பகம் நீட்டும் உரிமைப் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். உயிர்த்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தாங்கள் நிதி தரும் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லி 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டன. வைக்கலாம் என்றால் எந்தப் பிரதியை? ஏற்கப்பட்ட கடைசி வேர்டு கோப்பை. பெரும்பாலும் அதைத்தான் அனுமதிக்கிறார்கள். அச்சான பிடிஎஃபை அப்படியே ஏற்றினால் எடுக்கச் சொல்லிக் கடிதம் வரலாம். அந்த வேர்டு கோப்பையோ முதலில் அழித்துவிடுகிறோம்.

அப்புறம், நூலகரிடம் கடைசியில் வருவது. கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதிலிருந்து நூலகங்களை இணைக்கும் டெல்நெட் வலையமைப்பு வழியாக வேறு நூலகத்தில் கேட்பது வரை வழிகள் இருக்கின்றன. வரும்போது வாட்ஸ்அப்பில் வந்த பாதி மங்கிய படத்தோடு வராமல், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, முடிந்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும், 10 என்று தொடங்கும் அந்த டிஓஐ அடையாள எண், இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.