டேட்டாபேஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் சறுக்கும் இடங்கள்

எடுத்த எடுப்பிலேயே மென்பொருளைத் தேடக் கிளம்புவதுதான் முதல் தவறு. அதற்கு முன் ஒரு தாளில், உங்கள் பதிவுகளிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை எழுதுங்கள். மூன்று மாதமாகப் பணம் கட்டாதவர்கள் யார்? இந்தப் பொருளைக் கடைசியாக யாரிடம் வாங்கினோம்? நாலைந்து கேள்விக்கு மேல் தேறவில்லை என்றால் எக்செல்லே போதும்.

போதாத நிலையிலும் எக்செல்லையே இழுத்துக்கொண்டிருப்பது அடுத்த தவறு. ஒரே வாடிக்கையாளரின் முகவரி பத்து வரிசைகளில் இருந்தால், அவர் வீடு மாறும்போது ஒன்பதைத் திருத்திவிட்டு ஒன்றைக் கோட்டைவிடுவோம். பிறகு எது சரி என்று யாருக்கும் தெரியாது. 2020இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் ஃபைல் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது என்பதே காரணம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, பலர் சேர்ந்து பயன்படுத்தும் விதம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ், எஸ்கியூலைட் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் தரவு முழுவதும் ஒரே ஃபைலில் இருக்கிறது. அதை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இணையச் சேமிப்புச் சேவையின் ஃபோல்டரில் போட்டு இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் ஆபத்து. எந்தப் பதிவை யார் மாற்றினார் என்பது அந்தச் சேவைக்குத் தெரியாது. அது ஃபைலைத்தான் பார்க்கிறது. ஒருவர் உள்ளிட்டது தனி நகலாக ஒதுங்கிவிடும், அல்லது ஃபைலே கெட்டுவிடும். ஒரே அலுவலக நெட்வொர்க்கில் அக்சஸ் என்றால், தரவு இருக்கும் டேபிள்களை ஒரு பொதுக் கணினியிலும், அதை உள்ளிடும் படிவங்களை அவரவர் கணினியிலும் பிரித்து வையுங்கள். பிரிப்பதற்கான வசதி அதிலேயே உண்டு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்பவர்களுக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் போன்ற, தரவை ஒரு மையக் கணினியில் வைத்து எல்லோருக்கும் தரும் சர்வர் வகைதான் சரி.

அக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும்; ஃபைலின் உச்ச அளவு 2 ஜிபி. படங்களை உள்ளே திணித்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். படம் இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைத்தால் போதும். அதே வகை மென்பொருளான லிப்ரேஆபிஸ் பேஸ் இலவசம். மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும்.

வெளியேறும் வழியைப் பார்க்காமல் உள்ளே நுழையாதீர்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015இல் நிறுத்தியது. அது தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைல்களைத் திறக்கும் மென்பொருள்கள் இன்றும் இருப்பதால் தரவு தப்பிக்கிறது. அதில் எழுதிய திரைகளும் அறிக்கைகளும் கூடவே வருவதில்லை. அதனால் சோதனைக் காலத்திலேயே இருபது பதிவுகளை உள்ளிட்டு, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) வெளியே எடுத்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வந்தனவா? எண்களின் முன்னால் இருந்த பூஜ்யம் அப்படியே நிற்கிறதா?

பேக்கப்பிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஃபைல் திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் அது சிக்கிக்கொள்ளலாம். எல்லோரும் மூடிய பிறகு நகலெடுங்கள். அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.