ஐஸில் கிடக்கிற சுறா: தோற்கிற டீமை ஒரு சீசன் முழுக்கப் பார்ப்பது எப்படி

தேங்காய்ப்பட்டணம் ஹார்பர் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுறவ நான். ஊர் தூத்தூர். அப்பா ஆழ்கடலில் தூண்டில் போட்டு சுறா பிடிச்சவர். தம்பிக்கு அமெரிக்காவில் சான் ஹோசேயில் வேலை. அந்த ஊர் ஐஸ் ஹாக்கி டீம் பேரே 'ஷார்க்ஸ்'. மட்டையைக் கடிச்சு முறிக்கிற சுறா படம் போட்ட ஜெர்சி ஒண்ணு அனுப்பினான். அதைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னது: "ஐஸில கிடந்தா அது செத்த சுறால்லா!" 2023 அக்டோபரில் சீசன் தொடங்கிச்சு. அவர் நாக்கு பலிச்சிட்டு.

நம்ம பக்கத்து பிள்ளைங்க சிலரும் இப்ப இந்த ஆட்டம் பார்க்காங்க. தோற்கிற டீம் மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு கேட்டவங்களுக்கு இது.

முதல்ல கடிகாரம். குளிர்காலத்தில் சான் ஹோசேக்கும் நமக்கும் பதிமூணரை மணி நேரம் வித்தியாசம். அங்கே சாயங்காலம் ஏழு மணி ஆட்டம்னா நமக்கு மறுநாள் காலை எட்டரை. 20 நிமிஷமா மூணு பாகம். இடைவேளையெல்லாம் சேர்த்தா இரண்டரை மணி நேரம் ஓடிடும். வேலைக்குப் போறவங்க முதல் பாகத்தை மட்டும் பாருங்க. தோற்கிற டீம் கூட முதல் பாகத்தில் மானமா ஆடும். அஞ்சு கோல் வாங்கின பிறகு உட்கார்ந்து பார்க்கிறது வெறும் வெப்ராளம், அதுக்கு ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடிக்கலாம்.

அடுத்தது புள்ளிப் பட்டியல். 19-54-9ன்னு மூணு எண் இருக்கும். முதலாவது வெற்றி, இரண்டாவது தோல்வி. மூணாவதுதான் புதுசா பார்க்கிறவங்களைக் குழப்பும்: சமமா முடிஞ்சு, கூடுதல் நேரத்திலோ, ஒவ்வொருத்தரா தனியா வந்து கோலியை எதிர்த்து அடிக்கிற ஷூட்அவுட்டிலோ தோத்தது. வெற்றிக்கு 2 புள்ளி, அந்த மூணாவது வகைக்கு 1. கூட்டிப் பாருங்க, 47 வரும். 2023-24 சீசனில் 82 ஆட்டத்தில் ஷார்க்ஸ் சேர்த்தது அவ்வளவுதான். 32 டீமில் 16 டீம் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, அதாவது பிளேஆஃபுக்குப் போகும், இவங்க 32ஆவது.

அந்த சீசனோட முதல் 11 ஆட்டமும் தோல்வி. நவம்பர் 2ஆம் தேதி வான்கூவரிடம் 10-1. இரண்டு நாள் கழிச்சு பிட்ஸ்பர்க்கிடம் 10-2. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு வந்து போனைத் திறந்தேன். நான் தப்பா பார்க்கேன்னு நினைச்சு, ஸ்கோரை வீட்டுக்காரரை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசிச்ச தொனி இன்னும் காதில் கிடக்கு. 12ஆவது ஆட்டத்தில் பிலடெல்பியாவை 2-1ன்னு ஜெயிச்சப்ப தம்பி குரல் தழுதழுத்துப் போச்சு.

இந்த மாதிரி நேரத்தில் கோச்சைத் திட்டுறதுதான் லேசு. மீன்பாடு இல்லன்னா ஸ்ராங்கை, அதான் வள்ளத்தை நடத்துறவரை, மாத்துறது நம்ம கரையிலும் உண்டு. அவங்களும் சீசன் முடிஞ்சதும் டேவிட் குவினை அனுப்பிட்டாங்க. நான் கணக்கு எழுதுறவ, அதனால வேற இடத்தில் பார்ப்பேன்: யாரை வித்தாங்க? 2023 பிப்ரவரியில் கோல் அடிக்கிற டிமோ மையரை நியூ ஜெர்சி டீமுக்குக் கொடுத்தாச்சு. எரிக் கார்ல்சன் 2022-23இல் 101 புள்ளி எடுத்து (ஆட்டக்காரர் புள்ளின்னா டீம் புள்ளி இல்ல, அவர் அடிச்ச கோலும் கோலுக்கு உதவினதும் சேர்ந்த கணக்கு), சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை வாங்கினவர். அந்த ஆகஸ்டிலேயே அவரை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினாங்க. மேலே சொன்ன 10-2 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்னதும் அவர்தான். 2024 மார்ச்சில் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் டோமாஸ் ஹெர்ட்லும் வேகாஸ் டீமுக்குப் போனார். வலையை வித்துட்டு வள்ளத்தைக் கடலுக்கு அனுப்பினா ஸ்ராங்கு என்ன செய்வார்? மார்ச் மாசம் ஆள் மாத்துற கடைசி நாள் வரும். உங்க டீம் அன்னைக்கு ஆள் வாங்குதா, ஆள் கொடுக்குதான்னு பாருங்க. கொடுக்குதுன்னா அந்த வருஷ ஜெயத்தை அவங்களே எதிர்பார்க்கலன்னு அர்த்தம்.

அதுவரைக்கும் கோலியை, அதாவது கோல் காக்கிறவரைப் பாருங்க. தோற்கிற டீமில் ரொம்ப வேலை செய்யுறது அவர்தான். அப்ப ஷார்க்ஸ் கோலியா இருந்த பிளாக்வுட் தடுக்கிற பந்தை எண்ணுறதுக்காகவே நான் சில காலை உட்கார்ந்திருக்கேன். பந்துன்னு சொல்றேன், அது மூணு அங்குல அகல ரப்பர் வட்டு.

கடைசியில் வந்ததுக்கு ஒரு கூலி உண்டு. புதுசா வர்ற இளம் ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையா எடுக்கிறதுக்குப் பேர் டிராஃப்ட். அந்த வரிசையில் முதல் இடங்கள் யாருக்குன்னு மே மாசம் குலுக்கல் நடக்கும். கடைசி டீமுக்கு முதல் ஆளை எடுக்க 25.5 சதவீதம் வாய்ப்பு. சீட்டு விழாட்டாலும் மூணாவது இடத்துக்குக் கீழே போகாது. ஷார்க்ஸுக்கு விழுந்துட்டு. ஜூன் கடைசியில் மேக்லின் செலிப்ரினியை எடுத்தாங்க, 18 வயசுப் பையன். நமக்கு அப்ப மேற்குக்கரை மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பிளான்டிலும் பெரிய வேலை இருக்காது. அந்த டிராஃப்ட் நாளை முழுசா பாருங்க, லீவு போட வேண்டாம்.

ஆனா உடனே மாறிடும்னு எண்ணாதீங்க. 2024-25இல் அந்தப் பையன் 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தான், டீம் 52 புள்ளியோட மறுபடி கடைசி. "அக்கா, வேற டீம் ஜெர்சி அனுப்பட்டா?"ன்னு தம்பி கேட்டான். சின்ன அளவில் இதே டீமோடது ஒண்ணு அனுப்பச் சொல்லிட்டேன், மகனுக்கு. முதுகில் 71, செலிப்ரினி நம்பர்.