பிள்ளைக்கு நூலகப் புத்தகம் எடுக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டம் சார்பாக ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். புதிதாக உறுப்பினராகும் அப்பா அம்மாக்களைப் பார்த்தால், என் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்த கூத்தெல்லாம் அச்சுப் பிசகாமல் மறுபடி நடக்கிறது. தவணைத் தேதியை மறப்பது, கார்டைத் தொலைப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். சொல்ல வேண்டியவை வேறு.

வயசுக்கு மீறி எடுப்பது

யு.கே.ஜி. பிள்ளைக்கு எதற்குப் பொது அறிவு வினா விடை? அதை நீங்கள் படியுங்கள்.

பீரோவில் வைத்துப் பூட்டுவது

இதற்கு மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு அம்மா நேஷனல் புக் டிரஸ்டின் படப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனார். தவணைக்குள் கொண்டுவந்தும் கொடுத்தார். ஒரு மடிப்புக்கூட இல்லை.

"பாப்பாவுக்குப் பிடிச்சுதா?" என்றேன்.

"அவகிட்ட எங்க சார் குடுத்தோம்? லைப்ரரி புஸ்தகம்லா, கிழிச்சிட்டான்னா? ஆச்சி வாங்கி பீரோல வச்சிட்டாவ."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பிள்ளையோ அலமாரிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "எடுத்துப் பாரு மக்கா" என்றாலும் தொடவில்லை. தொடக்கூடாத சாமான் என்று வீட்டிலேயே பாடம் நடந்து முடிந்துவிட்டது. அதை அழிக்க மாசக்கணக்கில் ஆகும்.

மூன்று வயசுப் பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், படத்தை விரலால் தேய்க்கும், சிலது நக்கியும் பார்க்கும். அப்படித்தான் தாள் புரட்டவே பழகும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். போதாததற்கு, 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அப்புறம் என்ன பயம்?

சரி, கிழிந்துவிட்டால்? மெல்லிய படப் புத்தகங்கள் நடுவில் பின் அடித்தவை. முதலில் கழன்று வருவது நடுத்தாள்தான். அதை உள்ளேயே வைத்து, நூலகரிடம் சொல்லிக் கொடுங்கள். செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். கிழித்ததை ஒன்றும் தெரியாத மாதிரி அடுக்கில் செருகிவிட்டுப் போவதுதான் மோசம். அடுத்து எடுக்கும் பிள்ளைக்குக் கதை பாதியில் நிற்கும். தொலைத்தாலோ, ஒப்பேற்ற முடியாதபடி பாழாக்கினாலோதான் வேறு பிரதியோ விலையோ கேட்பார்கள். அந்த விலையும் பெரும்பாலும் ஒரு வேளை புரோட்டாச் செலவைத் தாண்டாது.

கதை முடிந்ததும் நீதி கேட்பது

வேண்டாம்.

"அதான் படிச்சாச்சே" என்று திருப்பிக் கொடுப்பது

படித்து முடித்தது நீங்கள். பிள்ளை அதே நரியை, அதே குரலில், இன்னும் பல ராத்திரி கேட்கும். ஒரு வரி மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் அந்தப் புத்தகம் வேலை செய்கிறது. நூலகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி தேதி போட்டு வாங்கி வாருங்கள்.

வெள்ளிக்கிழமை போவது

கிளை நூலகங்களுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை.

மே மாசம் மட்டும் போவது

லீவு விட்டதும் ஊரே வரும். படப் புத்தகத் தட்டு காலியாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜூன் கடைசியில் போய்ப் பாருங்கள். போனதெல்லாம் திரும்பி வந்திருக்கும், நூலகருக்கும் தேடித்தர நேரம் இருக்கும்.