மாதக்கணக்கில் நின்ற ராணுவ லாரியை ஸ்டார்ட் செய்யும் முன்

ஸ்டாலியன் மாதிரியான ராணுவ லாரி ஆறு மாதம் ஷெட்டில் நின்றுவிட்டால், அதன் எஞ்சினுக்கு ஆபத்து ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான். பேரிங்கிலும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஷாஃப்டிலும் இருந்த ஆயில் பெரும்பாலும் எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்புக்கு வடிந்திருக்கும். அந்த நிலையில் எஞ்சின் பிடித்தால் உலோகமும் உலோகமும் உரசும்.

முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்க் காலியாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிடலாம். ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும்: டீசலோ கூலண்டோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர். காரணம் தெரியாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டனுக்கு மேலே கூலண்ட் தேங்கி நின்றால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

டீசல் டேங்கின் அடியிலும் வாட்டர் செப்பரேட்டரிலும் தேங்கிய தண்ணீரை, சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். பிறகு ஃபில்டரில் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை மூடலாம்.

பேட்டரி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்தது. ஓய்வில் 25.2 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 24.4 என்றால் பாதிதான், முதலில் சார்ஜ் போடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

இனி முக்கியமான கட்டம். ஸ்டாப் நாபை இழுத்து டீசலை அடைத்துவிட்டு, 10 நொடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் அசையும்வரை சுற்றுங்கள். ஆவடியில் முன்பு தயாரான டி-72 டாங்கியின் 38.8 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினுக்கு இதற்கென்றே தனி மின்சார ஆயில் பம்ப் வைத்திருக்கிறார்கள். லாரியில் அது இல்லாததால் செல்ஃபையே பயன்படுத்துகிறோம்.

முள் எழுந்த பிறகு நாபை விடுங்கள். ஸ்டார்ட் ஆகி 10 நொடிக்குள் பிரஷர் வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். வந்தாலும் சில நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். வெள்ளைப் புகை சற்று நேரத்தில் அடங்கும். சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் கூலண்ட் எரிகிறது.

ஸ்டார்ட் செய்யும்போது ஏர் இன்டேக் அருகே ஒருவர் தட்டையான இரும்புத் தகட்டோடு நிற்க வேண்டும். டர்போ சீல் கசிந்தால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து வேகமெடுக்கும்; ஸ்டாப் நாபுக்கும் அடங்காது. அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. கையை வைக்காதீர்கள், துணியையும் வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

ஏர் பிரஷர் ஏறி, காற்று குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸர் நின்ற பிறகே கட்டைகளை எடுங்கள். பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருந்தால் கிளட்ச்சை எரித்து இழுக்காமல், முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அப்படியும் விடாவிட்டால் டிரம்மைக் கழற்ற வேண்டியதுதான்.

நிறுத்தும் முன் 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போ ஆறும். பிறகு ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். நிற்கும் வண்டியை மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி அணைக்கும் பழக்கம் எஞ்சினுக்குக் கெடுதல். எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே படியும் ஈரம் ஆயிலில் கலந்துவிடும். அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.